எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை முப்பது வருடத்துக்கு மேலாக வாங்கிப் படிக்கிறவன் நான். சென்ற வாரம் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தீர்கள். அண்டார்டிகாவில் பனி குறையவில்லை, கூடியிருக்கிறது என்று தலைப்பு, கீழே நாலு வரி, பக்கத்தில் கடலில் மிதக்கும் ஒரு பனிப்பாறையின் படம். காலை எட்டு மணிக்குள் அந்தத் துண்டைப் படம் பிடித்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "அப்போ இத்தனை நாளா உருகுது உருகுதுன்னு சொன்னதெல்லாம் பொய்யா?" என்று அதன் கீழே பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். டீக்கடைக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முழுவதும் அச்சில் போட முடியாவிட்டாலும் நீங்களாவது முழுவதும் படியுங்கள்.

செய்தி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் பின்னால் இருக்கும் ஆய்வு உண்மையானது, சீன விஞ்ஞானிகள் செய்தது, 2025ல் வெளிவந்தது. 2021 முதல் 2023 வரை அண்டார்டிகாவின் பனி வருடத்துக்குச் சுமார் 108 கிகா டன் கூடியது என்று அதில் இருக்கிறது. ஒரு கிகா டன் என்றால் நூறு கோடி டன். ஆனால் அதே ஆய்வில், அதற்கு முந்தைய பத்து வருடம், அதாவது 2011 முதல் 2020 வரை, வருடத்துக்குச் சுமார் 142 கிகா டன் குறைந்தது என்றும் இருக்கிறது. கூடியதற்குக் காரணம் வழக்கத்தை மீறி அங்கே பனி பொழிந்ததுதான் என்றும் இருக்கிறது. உங்கள் நாலு வரியில் முதல் எண் மட்டும் வந்தது, மற்ற இரண்டும் வரவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம். அந்த ஒரு மாதத்தை மட்டும் எழுதி, பாலாற்றில் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது என்று யாராவது வெளியூரில் செய்தி போட்டால், வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ இருக்கிற ஒருவர் அதை ஒப்புக்கொள்வாரா?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற சர்வேயர். ஏரி, கால்வாய், மதகு, கலங்கல் என்று நீர்ப்பாசன வேலைகளுக்கு லெவல், அதாவது தரையின் உயர அளவு, எடுத்துக் கொடுத்ததிலேயே என் ஆயுசில் பெரும்பகுதி போயிற்று. டம்பி லெவல் என்கிற தொலைநோக்கிக் கருவியை முக்காலியில் வைத்து, எதிரே உதவியாளான செயின்மேன் ஸ்டாஃப் என்கிற உயரமான அளவுகோலைப் பிடித்து நிற்க, ரீடிங்கை லெவல் புக்கில் எழுதி எழுதி விரல் காய்த்துப் போன ஆள். உயரம் ஏறியது இறங்கியது என்று யார் சொன்னாலும் என் வாயில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: பெஞ்ச் மார்க், அதாவது உயரம் முன்பே தெரிந்த, மற்றதையெல்லாம் அளக்கத் தொடங்குகிற குறி, எது?

அந்தக் கேள்வி எனக்குச் சும்மா வந்ததல்ல. தொண்ணூறுகளில் குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஏரி, பெயர் வேண்டாம். தூர் வாருவதற்காக ஒரு சித்திரையில் லெவல் எடுத்துக் கொடுத்தேன். வேலை ஆரம்பிக்கவில்லை. அடுத்த கோடையில் மறுபடி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன், ஏரியின் அடிமட்டம் எல்லாப் புள்ளியிலும் அரை அடி இறங்கியிருந்தது. ஒரு கூடை மண்கூட வெளியே போகவில்லை. மழையிலும் வண்டல் சேருமே தவிர குறையாது. மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. கூட்டல் கழித்தலை எத்தனை தரம் போட்டாலும் சரியாகத்தான் வந்தது. கடைசியில் செயின்மேனாக இருந்த பெரியவர்தான் பார்த்துச் சொன்னார்: "சார், மதகைப் பிரிச்சுக் கட்டியிருக்காங்க. பழைய கல்லையே மேல வச்சிருக்காங்க, ஆனா அதுக்குக் கீழ ஒரு வரி கல்லு கூட வந்திருக்கு பாருங்க." பெஞ்ச் மார்க் செதுக்கியிருந்த கல் அரை அடி உயர்ந்துவிட்டது. நான் அதைப் பழைய உயரம் என்றே வைத்துக் கணக்குப் போட்டேன், அதனால் ஏரி முழுவதும் புத்தகத்தில் அரை அடி ஆழமாகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். பக்கத்துக் கோயில் படியில் இன்னொரு குறி இருந்தது, அதையும் ஒரு தரம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்கப்புறம் இரண்டு குறி பார்க்காமல் நான் ஒரு லெவலும் எடுத்ததில்லை.

இப்போது விண்வெளிக்கு வருகிறேன். என் பேத்தி வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். உங்கள் செய்தியைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "தாத்தா, அங்க கல்லு யாரு நட்டு வச்சிருக்காங்க? பனி மேல பெஞ்ச் மார்க் எப்படி இருக்கும்?" நல்ல கேள்வி. பனியில் கல் நட முடியாது, நட்டால் கல்லும் பனியோடு சேர்ந்து நகரும், மேலே பனி விழுந்து புதைந்தும் போகும். நம் நாடு 1980களில் அண்டார்டிகாவில் அமைத்த முதல் நிலையம், தட்சிண கங்கோத்ரி, அப்படித்தான் பனியில் புதைந்தது. அப்புறம்தான் பாறை தெரிகிற இடத்தில் மைத்ரி என்ற அடுத்த நிலையத்தைக் கட்டினார்கள். ஆகவே பனிக்கு மேலே பறக்கிற செயற்கைக்கோளேதான் பெஞ்ச் மார்க். அது எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் மூலம் சில சென்டிமீட்டருக்குள் கண்டுபிடிக்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்ந்து பார்க்கிறது என்பதை நட்சத்திரங்களைப் படம் பிடிக்கும் கேமராவால் சரிபார்க்கிறார்கள். பிறகு அங்கிருந்து கீழே பனி வரை எவ்வளவு தூரம் என்று அளந்து கழித்தால் பனியின் உயரம் வந்துவிடும். நான் கருவியின் உயரத்திலிருந்து ஸ்டாஃப் ரீடிங்கைக் கழிக்கிற அதே கழித்தல்தான். என் முக்காலி ஒன்றரை மீட்டர் உயரம், அவர்களுடையது ஐந்நூறு கிலோமீட்டர்.

நாசாவின் ஐஸ்சாட்-2 என்கிற செயற்கைக்கோள் 2018 செப்டம்பரில் போனது. பச்சை லேசர் ஒளியை வினாடிக்குப் பத்தாயிரம் தரம் கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு தரமும் சுமார் இருபது லட்சம் கோடி ஒளித்துகள்கள் கிளம்பிப் போகின்றன. பனியில் பட்டுச் சிதறி, திரும்பத் தொலைநோக்கிக்குள் வந்து சேர்வது பத்துப் பன்னிரண்டு துகள்கள்தான்! அந்தப் பத்துப் பன்னிரண்டும் போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கிறார்கள். மொத்தப் பயணம் ஒரு வினாடியில் முந்நூறில் ஒரு பங்கு. ஆனால் அதற்குள் ஒரு நானோ வினாடி, அதாவது ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு, தவறினாலே உயரத்தில் பதினைந்து சென்டிமீட்டர் தவறும். இதை நான் முதன்முதலில் படித்தபோது அப்படியே பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தனித்தனித் துகளின் பிழை அதிகம், ஆனால் எழுபது சென்டிமீட்டருக்கு ஒரு தரம் அளந்துகொண்டே போவதால், ஆயிரக்கணக்கான அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. வடதுருவம் தென்துருவம் என்று சுற்றி 91 நாளைக்கு ஒரு தரம் அதே பாதைக்குத் திரும்பி வருகிறது. மேலே ஏறும் பாதையும் கீழே இறங்கும் பாதையும் குறுக்கே வெட்டுகிற இடங்களில் இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். லெவலைச் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கிய கல்லிலேயே முடித்துப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

சரி, இதில் எங்கே வில்லங்கம் வரும்? ஏரிக்கரைச் சரிவில் ஸ்டாஃப் பிடிக்கும் ஆள் போன வருடம் நின்ற இடத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றால் ரீடிங் மாறிவிடும். கரை உயரவும் இல்லை தாழவும் இல்லை, ஆள்தான் நகர்ந்திருக்கிறார். 2003ல் போன முதல் ஐஸ்சாட்டுக்கு இந்தத் தொல்லை இருந்தது. ஒரே ஒரு ஒளிக்கற்றை, பாதை கொஞ்சம் விலகினால் தெரிந்த மாற்றம் பனியின் மாற்றமா, சரிவின் வித்தியாசமா என்று உடனே பிரிக்க முடியாது. ஆகவே இரண்டாவதில் ஆறு கற்றைகள் வைத்தார்கள், மூன்று ஜோடிகளாக. ஒரு ஜோடிக்குள் தொண்ணூறு மீட்டர் இடைவெளி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அளப்பதால் சரிவு எவ்வளவு என்பது தெரிந்துவிடும், அதைக் கழித்துவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு நாளாவது ஏரிக்கரையில் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது, இந்த மாதிரிச் செய்திகளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. தமிழில் நாம் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சு போல விழுவதும் பனி, கல் போல இறுகிக் கிடப்பதும் பனி, கடல் உறைந்தாலும் பனி. அளப்பவனுக்கு இவை வேறு வேறு பொருள்கள். புதிதாகப் பொழிந்த தூள்பனியில் பாதிக்கு மேல் காற்று. கன மீட்டருக்கு 350 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அது வருடக்கணக்கில் மேலே மேலே விழும் பாரத்தில் அமுங்கி அமுங்கி, கடைசியில் கன மீட்டருக்கு 917 கிலோ எடையுள்ள பனிக்கட்டியாகிறது. செயற்கைக்கோள் பார்ப்பது மேல்மட்டத்தை மட்டும்தான். மேல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால், உயர்ந்தது தூளா, கட்டியா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிழக்கு அண்டார்டிகா மட்டும் சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர். அதன் மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம், கூடினால் நூறு கன கிலோமீட்டர். அது பனிக்கட்டி என்றால் 92 கிகா டன். தூள்பனி என்றால் 35 கிகா டன். வித்தியாசம் மட்டும் 57 கிகா டன். நம் மேட்டூர் அணை முழுக் கொள்ளளவில் 93.47 டி.எம்.சி., அதாவது 2.65 கன கிலோமீட்டர் தண்ணீர், எடைக்கு 2.65 கிகா டன். ஆக, ஒரு நக அகலத்தை எந்தப் பொருள் என்று தப்பாக எடுத்துக்கொண்டால், இருபத்தோரு மேட்டூர் அணை கணக்கில் காணாமல் போகும் அல்லது புதிதாக முளைக்கும்.

இது வெறும் பேச்சில்லை. 2015ல் நாசாவைச் சேர்ந்த ஜே ஸ்வாலியும் அவருடைய குழுவும், 2003 முதல் 2008 வரை அண்டார்டிகாவில் வருடத்துக்கு 82 கிகா டன் பனி கூடியது என்று எழுதினார்கள். முதல் ஐஸ்சாட்டின் அளவுகளை வைத்துத்தான். அப்போதும் உலகம் முழுக்க இதே மாதிரித் தலைப்புகள் வந்தன. மற்றக் குழுக்கள் பல அதை ஒப்பவில்லை. யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. சர்ச்சையில் பெரும்பங்கு எதைப் பற்றி என்றால், கிழக்குப் பக்கம் தெரிந்த அந்தச் சில சென்டிமீட்டர் உயர்வை நெடுங்காலமாகச் சேரும் பனிக்கட்டியின் எடையில் கணக்கிடுவதா, அண்மையில் விழுந்த தூள்பனியின் எடையில் கணக்கிடுவதா என்பதைப் பற்றி. அப்புறம் கருவியின் சிறு பிழைகள், அடியில் தரையின் அசைவு. நான் அரை அடிக்காக மூன்று நாள் தூங்காமல் இருந்தேன், அவர்கள் ஒரு சென்டிமீட்டருக்காக வருடக்கணக்கில் வாதாடுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

தரையின் அசைவு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பனியின் பாரம் குறைந்தால் அடியில் இருக்கும் பாறை மெதுவாக மேலே எழும்பும். பத்தாயிரம் இருபதாயிரம் வருடத்துக்கு முன்னால் உறைபனிக் காலத்தில் அழுத்திய பாரத்துக்கே பூமி இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. மேற்கு அண்டார்டிகாவில் அமுந்சென் கடலோரமாகப் பாறையில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி ஒன்று வருடத்துக்கு 41 மில்லிமீட்டர் மேலே வருவதாகக் காட்டியது. பனி கூடாமலே மேல்மட்டம் நாலு சென்டிமீட்டர் உயரும்! என் மதகுக் கல்லுக்குக் கீழே ஒரு வரி கல் கூடியது எனக்கு இங்கே ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

லேசருக்கு மேகம் ஆகாது, அடர்ந்த மேகம் வந்தால் அளவே கிடைக்காது. அதற்கு ரேடார் இருக்கிறது. ஐரோப்பியர்கள் 1991லேயே ஈஆர்எஸ்-1 என்று அனுப்பிவிட்டார்கள், அப்புறம் ஈஆர்எஸ்-2, என்விசாட் என்று வரிசையாக. 2005 அக்டோபரில் ஏவும்போதே விழுந்துபோன கிரையோசாட்டுக்குப் பதிலாக 2010 ஏப்ரலில் கிரையோசாட்-2ஐ அனுப்பினார்கள். ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் அது உலர்ந்த பனிக்குள் கொஞ்சம் இறங்கியும் விடும். சேற்றில் ஸ்டாஃபை ஊன்றினால் அடி புதைந்து ரீடிங் தப்பாக வருமே, அந்த மாதிரி. 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் ஒரு சில நாள் உருகிற்று, மறுபடி உறைந்தபோது உள்ளே கெட்டியான ஓர் அடுக்கு உருவாயிற்று. அதுவரை கொஞ்சம் ஆழத்திலிருந்து திரும்பி வந்த ரேடார் அலை இப்போது அந்த அடுக்கிலேயே பட்டுத் திரும்பியது. உருகிய வருடத்தில், கணக்கைத் திருத்தாமல் பார்த்தால், நடுப்பகுதியில் பனி அரை மீட்டருக்கு மேல் உயர்ந்த மாதிரி தெரிந்தது. யாராவது அந்த எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்புப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்கள் நேரில் போய்ச் சரிபார்ப்பதும் உண்டு. தென்துருவத்துக்குப் பக்கத்தில், 88ஆம் அட்சரேகையை ஒட்டி, பனியில் ஓடும் வண்டிகளில் ஜிபிஎஸ் கருவியோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஐஸ்சாட்-2 சொல்லும் உயரம் சரியா என்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

உயரத்தை விட்டுவிட்டு நேரே எடையையே பார்க்கும் வழியும் இருக்கிறது. 2002 முதல் 2017 வரை கிரேஸ் என்று இரட்டைச் செயற்கைக்கோள்கள், 2018 முதல் அவற்றின் அடுத்த ஜோடி, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றின் பின் ஒன்றாகப் போகின்றன. கீழே பாரம் அதிகமுள்ள இடம் வந்தால் முன்னால் போவதை அது சற்று இழுக்கும், இடைவெளி மாறும், அதை வைத்து எடை. உங்கள் செய்தியில் வந்த 108 கிகா டன்னும் இந்த வழியில் வந்ததுதான். நம் நாட்டில் பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் பக்கம் நிலத்தடி நீர் எப்படி இறங்குகிறது என்று 2009ல் உலகத்துக்குக் காட்டியதும் இதே கிரேஸ்தான். எடைக்கு ஒரு கல், உயரத்துக்கு ஒரு கல். கோயில் படியில் இருந்த இரண்டாவது குறி என்று நான் சொன்னேனே, அதுதான் இது. இரண்டும் ஒத்துப்போனால்தான் நான் நம்புவேன்.

அப்படியானால் நீண்ட கணக்கு என்ன சொல்கிறது? முதல் ஐஸ்சாட் அளந்த இடங்களையே இரண்டாவது ஐஸ்சாட் மறுபடி அளந்ததை ஒப்பிட்டு, 2003 முதல் 2019 வரை பதினாறு வருடத்துக்கு ஒரு குழு 2020ல் கணக்கு வெளியிட்டது. தரையின் எழும்பல், தூள்பனியின் அமுங்கல் எல்லாம் கழித்த பிறகு, கிரீன்லாந்து வருடத்துக்குச் சராசரி 200 கிகா டன், அண்டார்டிகா 118 கிகா டன் இழந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் வருடம் 120 மேட்டூர் அணை. பதினாறு வருடத்தில் உலகக் கடல் மட்டம் இதனால் மட்டும் 14 மில்லிமீட்டர் உயர்ந்தது. இதே கணக்கில் கிழக்கு அண்டார்டிகாவின் உட்பகுதி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, பனிப்பொழிவால். மேற்கிலும் கிரீன்லாந்தின் ஓரங்களிலும் பனியாறுகள் சரிந்திருக்கின்றன. கிரீன்லாந்தில் யாக்கோப்ஷாவ்ன் போன்ற பனியாறுகளின் மேல்மட்டம் வருடத்துக்கு நாலு முதல் ஆறு மீட்டர் வரை இறங்கியிருக்கிறது. ஓரிடத்தில் சென்டிமீட்டர் ஏற்றம், இன்னோரிடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு இறக்கம். "அண்டார்டிகாவில் பனி கூடியது" என்று ஒரே வரியில் சொன்னால் எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் போட்டது கடலில் மிதக்கும் பனிப்பாறை. மிதப்பது உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய உயராது. தம்ளர் நிறையத் தண்ணீர் விட்டு ஐஸ்கட்டியை மிதக்க விட்டுப் பாருங்கள், உருகிய பிறகும் வழியாது. கடலை உயர்த்துவது நிலத்தின் மேல் கிடக்கும் பனிவிரிப்பு, அது அண்டார்டிகாவில் சராசரி இரண்டு கிலோமீட்டர் கனம். இரண்டும் வேறு, கடல் மேல் உறையும் கடல்பனி இன்னும் வேறு. 2023ல் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்பனி அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்தது. நிலத்தில் கூடியதாகச் சொல்லும் அதே வருடம்தான்! பனிவிரிப்பு, பனியாறு, பனிப்பாறை, கடல்பனி என்று நமக்கு நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

காட்பாடி ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், இருநூறைத் தாண்டும். இவ்வளவு மேட்டில் இருக்கிற நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை சென்னையில் இருக்கிறது, எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், இங்கே ஓடுகிற பாலாறே கல்பாக்கம் பக்கத்தில்தான் கடலில் சேருகிறது. இன்னொன்று, இதைப் படித்தபோது நானே நம்பவில்லை. அவ்வளவு பெரிய பனிவிரிப்பு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும், கிரீன்லாந்தின் அருகே கடல் மட்டம் இறங்கும், வெகு தொலைவில் சராசரியைவிட அதிகமாக ஏறும். அங்கே உருகுவதன் பங்கு நம் மாதிரி தூரத்துக் கரைகளுக்குத்தான் கூடுதலாக வந்து சேரும்.

இது அமெரிக்காக்காரன் ஐரோப்பாக்காரன் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். 2013 பிப்ரவரி 25ஆம் தேதி சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20 ராக்கெட்டில் சரல் என்ற செயற்கைக்கோள் போனது. இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து செய்தது. அதில் இருந்த ஆல்டிகா என்ற ரேடார் முன்னவற்றைவிடச் சின்ன அலைநீளத்தில் வேலை செய்வதால் தூள்பனிக்குள் அவ்வளவாக இறங்காது. ஈஆர்எஸ், என்விசாட் போன அதே பாதையில், 35 நாளுக்கு ஒரு தரம் திரும்பும்படி அதை ஓடவிட்டார்கள், அதனால் 1991ல் தொடங்கிய கோட்டின் மேலேயே நம் கோடும் விழுந்தது. அதே கல்லிலிருந்து தொடர்ந்து எடுத்த லெவல் மாதிரி. 2025 ஜூலை 30 அன்று அங்கிருந்தே நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் போனது. அது பனியாறுகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை ரேடாரால் பார்க்கும். நம் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பிப் போகிற செய்தி இவை, உள்பக்கத்தில் நாலு வரியில் முடித்துவிடலாமா?

ஆகவே என் வேண்டுகோள். இனிமேல் பனி கூடியது குறைந்தது என்று செய்தி வரும்போது எந்த இடம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, அளந்தது உயரமா எடையா, நிலத்தின் மேல் கிடப்பதா கடலில் மிதப்பதா, இந்த நாலையும் ஒரே வாக்கியத்திலாவது சேர்த்துப் போடுங்கள். இடம் இருந்தால் ஒரு சின்ன வரைபடம், ஏறிய பகுதி ஒரு நிறம், இறங்கிய பகுதி ஒரு நிறம். சென்ற வாரச் செய்திக்கும் 2011 முதல் 2020 வரையிலான எண்ணைச் சேர்த்து ஒரு திருத்தம் போட்டால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

ஐஸ்சாட்-2 துருவத்துக்கு மட்டும் போவதில்லை, நம் தலைக்கு மேலேயும் போகிறது. அதன் கோடு எந்த ஏரியின் மேல் விழுகிறதோ அந்த ஏரியின் தண்ணீர் மட்டத்தையும் அளக்கிறது. எண்கள் எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பேத்தி தன் லேப்டாப்பில் எடுத்துக் காட்டினாள். வேலூரிலும் காட்பாடியிலும் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒரு பக்கம் அந்த எண்ணையும் ஒரு பக்கம் ஏரியில் தாங்களே எடுத்த லெவலையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், அண்டார்டிகாவில் என்ன செய்கிறார்கள் என்பது ஒரே நாளில் விளங்கிவிடும்.

என் வீட்டுப் பரணில் பதினான்கு அடி ஸ்டாஃப் ஒன்று இருக்கிறது, இன்னும் நன்றாக இருக்கிறது. லெவல் கருவியை ஒரு நண்பரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறேன், பஸ் செலவு என்னுடையது. உங்கள் வேலூர் நிருபர் ஒருவரும் வந்தால் ரொம்ப சந்தோஷம். கோடையில் தண்ணீர் வற்றினதும் மதகுக் கல்லில் தொடங்கி ஏரிக்குள் இறங்கி, மறுபடி அதே கல்லில் வந்து முடித்துக் காட்டுகிறேன். இரண்டாவது குறி ஒன்றையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.